கைவழிக் கல்வி

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் வாக்கு. ஆயின், மெய்யான சுரைக்காய் மருத்துவக் கல்விக்கு உதவிய வரலாறு பாரத நாட்டில் உண்டு. அறுவை செய்யும் திறன் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் சென்றது எவ்வாறு என்று ஆராயப் புகின், அந்தச் சுரைக்காயிலிருந்தே நாம் தொடங்குதல் வேண்டும்.

சுசுருத சங்கிதை என்னும் வடமொழி மருத்துவ நூலில், மாணாக்கனுக்குரிய செய்முறைப் பயிற்சிக்கெனத் தனி அத்தியாயமே அமைந்துள்ளது. சுரை, வெள்ளரி முதலிய காய்களில் அவன் அறுக்கப் பழகுவான். தாமரைத் தண்டிலும், இறந்த விலங்கின் இரத்தக் குழாயிலும் குத்தப் பழகுவான். துணியிலும் மெல்லிய தோலிலும் தையலிடுவான். பாவையின் அங்கங்களில் கட்டுக் கட்டுவான். நூல் பல கற்றவனாயினும் இப்பயிற்சி இல்லாதவன் தொழிலுக்கு உரியவனல்லன் என்பது அந்நூலின் துணிபு. பிணத்தை நீரில் ஊறவைத்து உறுப்புக்களைக் கண்டறியும் முறையையும் அது கூறுகிறது. இவற்றின் உட்கருத்து யாது? முதற்பிழை காயின்மீது நிகழட்டும், நோயாளியின்மீது நிகழ வேண்டா என்பதே.

காலப்போக்கில் வைத்தியரிடையே இப்பழக்கம் அருகிற்று. ஏடு எஞ்சியது, கை மறந்தது.

1835ஆம் ஆண்டில் கல்கத்தாவில் மருத்துவக் கல்லூரி நிறுவப்பெற்றது. அங்கு ஆசிரியராக வந்தவர்களுள் ஒருவர் பண்டிதர் மதுசூதன குப்தர். இவர் வடமொழிக் கல்லூரியில் ஆயுர்வேதம் கற்பித்தவர். மேனாட்டு உடற்கூற்று நூலொன்றை வடமொழியில் பெயர்த்தவர். மொழிபெயர்ப்பிலேயே காலங்கழிக்கும் நமக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருகின்றது. எனினும், உறுப்புக்களின் பெயர்களைப் பெயர்த்துவிடுவதால் உறுப்புக்களை அறிந்ததாகாது என்பதை அவர் உணர்ந்தார். பிணத்தைத் தொடுதல் குலத்திற்கு இழுக்கென்று கருதப்பட்ட அந்நாளில், 1836ஆம் ஆண்டில், அவர் தம் கையில் கத்தியை ஏந்திப் பிண அறுவை செய்தார். ஆசிரியர் தொட்டபின் மாணாக்கர்க்கும் அச்சம் நீங்கிற்று. ஆயிரம் விரிவுரைகள் செய்யவியலாததை ஒரு கை செய்துவிட்டது.

அவர் அத்துடன் அமையவில்லை. ஆசிரியராக இருந்துகொண்டே, 1840ஆம் ஆண்டில் மாணாக்கரைப்போல் தாமும் தேர்வெழுதி வெற்றி பெற்றார். கற்பிப்பவன் கற்பதை நிறுத்துதல் கூடாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

நல்ல மருத்துவர் அனைவரும் நல்ல ஆசிரியராதல் இல்லை. கைக்குப் பழகிப்போன செயலைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டுதலும், மாணவன் கை நடுங்கும்போது பொறுத்து நிற்றலும், எப்போது குறுக்கிட வேண்டும் என்று அறிதலும் வேறொரு கலை. இக்கலைக்கும் நிலையம் வேண்டும் என்ற எண்ணம் மெல்ல வலுப்பெற்றது. 1943ஆம் ஆண்டில் அமைந்த போர் குழு, 1946ஆம் ஆண்டு அறிக்கையில், மருத்துவ ஆசிரியர்களை உருவாக்கும் அகில இந்திய நிலையம் ஒன்றைப் பரிந்துரைத்தது. சுதந்திர பாரதத்தின் முதல் சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அமிர்த கௌரின் முயற்சியாலும் நியூஜிலாந்து நாட்டின் பொருளுதவியாலும், 1956ஆம் ஆண்டில் தில்லியில் அந்நிலையம் சட்ட வடிவம் பெற்றது. பின்னர், 1970களில், புதுச்சேரி ஜிப்மர் நிலையத்தில் மருத்துவ ஆசிரியர்களுக்குக் கற்பிக்கும் முறையையே பயிற்றும் தேசிய மையம் தோன்றியது. இன்று மருத்துவக் கல்லூரிகளின் திறன் பயிற்சிக் கூடங்களில் செயற்கைக் கைகளும் பொம்மை உடல்களும் உள்ளன. சுசுருதரின் சுரைக்காயும் பாவையும் வேறு வடிவில் மீண்டும் வந்துள்ளன எனலாம்.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இதில் ஓர் அக்கறை உண்டு. மொழி முற்றும் விளங்காத ஊரில், நோயுற்ற நாளில், அறிமுகமில்லாத இளம் மருத்துவர் ஒருவரிடம் நாம் கையை நீட்டுகிறோம். அவர் கூறும் சொல் நமக்குப் புரியாமற் போகலாம். ஊசி ஏந்திய அக்கை நடுங்காமல் இருக்குமாயின், அதன் பின்னே பொறுமையுடன் நின்ற ஓர் ஆசிரியரின் கை உண்டு என்பதை நாம் மறத்தலாகாது.