ஒற்றைக் கையால் நிரல் எழுத உதவும் குறுக்குவிசைகள்

2009இல் எறிகணை வீச்சில் இடது கையை இழந்தவன் நான். இன்று நிரல் எழுதித்தான் சீவிக்கிறேன். மவுசுக்கும் விசைப்பலகைக்கும் இடையில் ஒரே கை நாள் முழுக்க அலைவது பெரும் களைப்பு. குறுக்குவிசைகள் பழகிய பிறகே அது குறைந்தது.

விண்டோஸில் ஷிப்ட் விசையை ஐந்து தடவை அழுத்துங்கள். ஸ்டிக்கி கீஸ் வசதியை இயக்கவா என்று கேட்கும். பலர் தொல்லையென்று மூடிவிடும் பெட்டி அது. ஆம் என்றால், கொன்ட்ரோல், ஷிப்ட், பி மூன்றையும் ஒன்றாகப் பிடிக்கத் தேவையில்லை; ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினால் போதும்.

நான் பாவிப்பது விஷுவல் ஸ்டூடியோ கோட். அதில் எப்1 கட்டளைப் பட்டியலைத் திறக்கும். எப்2 ஒரு மாறியின் பெயரை அது வரும் இடமெல்லாம் மாற்றும். எப்12 ஒரு செயற்கூறு எழுதப்பட்ட இடத்துக்குக் கொண்டுபோகும். மூன்றும் ஒரு விரல் வேலை (சில மடிகணினிகளில் எப்என் விசையும் வேண்டும்). கோப்பைத் தேட கொன்ட்ரோல்-பி. வரியை நகர்த்த ஆல்ட்டுடன் மேல், கீழ் அம்புக்குறி.

எட்டாத விசை இருந்தால் கொன்ட்ரோல்-கே, பிறகு கொன்ட்ரோல்-எஸ் அழுத்துங்கள். வரும் பட்டியலில் உங்கள் கைக்கு வசதியான விசையை வைக்கலாம். டேர்மினலைத் திறக்கும் விசை இடது மூலையில் கிடந்தது. நான் அதை வலப்பக்கம் மாற்றிவிட்டேன்.