உப்பு வண்டிக் கூரையும் லாரித் தார்ப்பாயும்

அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில், போர்ட்லண்ட் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் என் தம்பி மகன் போன மாதம் வாட்ஸ்அப்பில் சில படங்கள் அனுப்பினான். அவனிடம் ஒரு பிக்கப் டிரக் இருக்கிறது. அதன் முதுகில் ஒரு சின்ன வீட்டைத் தூக்கி வைத்திருக்கிறான். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதற்குள்ளேயே. ஓடும்போது காற்றில் இழுக்காமல் இருக்கக் கூரை கீழே இறங்கியிருக்கும். இரவில் எங்காவது காட்டோரம் நிறுத்தியதும் கூரையை இரண்டடி மேலே உயர்த்திக்கொள்ளலாம். அப்படி உயரும்போது நடுவில் சுவராக நிற்பது வெறும் துணிதான். அந்த ஊரில் நவம்பர் தொடங்கி மார்ச் வரை ஓயாத தூறல். துணிச் சுவர் நனையாமலிருக்க, வண்டியின் அளவுக்கே ஒரு மழைப்போர்வையை அவனே வெட்டித் தைத்திருக்கிறான். கடையில் விற்பது எதுவும் பொருந்தவில்லையாம்.

நான் 35 வருடம் ஈரோட்டில் லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதியவன். தார்ப்பாயைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாது. சக்கரத்தின் மேல் வைத்த பொருளை மழையிலிருந்து காப்பாற்ற மனிதன் பட்ட பாட்டைக் கொஞ்சம் எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

நம் பக்கத்தில் இதற்கு மிகப் பழைய சான்று பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. தொண்டைமான் இளந்திரையனைப் பாட வந்த கடியலூர் உருத்திரங்கண்ணனார், வழியில் போகும் உப்பு வணிகரான உமணரின் வண்டியை நின்று நிதானமாகப் பார்க்கிறார். வண்டிக்கு மேலே வேய்ந்த கூரை. மலைமேல் மழைமேகம் படுத்திருப்பதுபோல் அது தெரிகிறதாம். வண்டியில் கோழி அடைகிற கூடு இருக்கிறது. சிறிய உரல் ஒன்று தொங்குகிறது. ஊறுகாய்ப் பானையைக் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள். கைக்குழந்தைக்காரி மாட்டை ஓட்டுகிறாள். தம்பி மகனின் வண்டியில் கோழிக்கூடு ஒன்றுதான் குறை! புறநானூற்றில் ஔவையார் பாட்டொன்றில் உமணர் வண்டிக்கு அடியில் மாற்று அச்சு கட்டியிருப்பது வருகிறது. இன்றைய ஸ்டெப்னிக்கு அதுதான் பாட்டன்.

அந்த வண்டியில் இருப்பது உப்பு என்பதைக் கவனிக்க வேண்டும். நெல் நனைந்தால் காயவைக்கலாம், துணி நனைந்தால் பாதி விலைக்காவது போகும். உப்பு நனைந்தால் கோணிதான் மிஞ்சும். கூரை ஒழுகினால் அந்தக் குடும்பத்தின் முதலே தரையில் ஓடிவிடும்.

ஆரிகனுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1843இல் ஏறக்குறைய ஆயிரம் பேர் மிசௌரிப் பக்கத்திலிருந்து மேற்கே கிளம்பி அந்த மண்ணுக்கு வந்தார்கள். பிறகு வருடா வருடம் கூட்டம் கூடியது. சுமார் 3,200 கிலோமீட்டர், ஐந்தாறு மாதப் பயணம். பெரும்பாலும் மாட்டு வண்டிகள். வண்டிப் பெட்டி பத்துப் பன்னிரண்டு அடி நீளம், நாலடி அகலம். மரத்தை வளைத்து வில்லாக நட்டு, அதன்மேல் தடித்த பருத்தித் துணியையோ சணல்நார்த் துணியையோ இழுத்துக் கட்டுவார்கள். இரண்டு முனையிலும் சுருக்குக் கயிறு. நம் கூண்டு வண்டி அமைப்பேதான், பாய்க்குப் பதில் துணி. வண்டிக்குள் இருந்த மாவும் சர்க்கரையும் பன்றிக் கறியும்தான் அரை வருடத்துச் சாப்பாடு. அதனால் மனிதர்கள் பெரும்பாலும் வெளியே நடந்தே போனார்கள். கூரை சாமான்களுக்குத்தான்.

வெறும் துணி மழையைத் தாங்காது. அவர்கள் அதில் ஆளிவிதை எண்ணெயைத் தேய்த்தார்கள். அந்த எண்ணெய் காற்றுப்பட்டுக் காய்ந்து தோல்போலப் படியும். இதில் ஒரு தொல்லை, எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே சூடேறித் தீப்பிடித்துக்கொள்ளும்.

கப்பல்காரர்கள் இதற்கும் முன்பே பாய்த்துணியில் தார் பூசியிருந்தார்கள். பைன் மரத்தை மூட்டம் போட்டு எடுக்கும் தார் அது. தார், அதோடு மூடுதுணி என்ற பொருளுள்ள பழைய சொல் ஒன்று, இரண்டும் சேர்ந்ததுதான் ஆங்கிலத்தின் டார்பாலின் என்பது அகராதிக்காரர்கள் சொல்வது. கப்பலாட்களுக்கே தார் என்று பட்டப்பெயர் வந்துவிட்டது. அந்தச் சொல் நம் ஊருக்கு வந்தபோது யாரும் மொழிபெயர்க்கவே வேண்டியிருக்கவில்லை. தமிழில் பாய் என்றால் படுக்கிற பாயும் உண்டு, கப்பல் பாயும் உண்டு. தார் பூசிய பாய், தார்ப்பாய்! இவ்வளவு அழகாக வந்து உட்கார்ந்த இன்னொரு இரவல் சொல்லை நான் பார்த்ததில்லை. லாரி செட்டில் படுதா என்றும் சொல்வார்கள், எனக்கு என்னவோ தார்ப்பாய்தான் பிடிக்கும்.

1823இல் ஸ்காட்லாந்தின் சார்லஸ் மேக்கின்டாஷ் வேறு வழி கண்டார். நிலக்கரியிலிருந்து விளக்குக்கு வாயு எடுக்கும் ஆலைகளில் தார் கழிவாக மிஞ்சும். அதிலிருந்து கிடைக்கும் நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பசைபோலத் தடவி ஒட்டினார். தண்ணீர் புகவில்லை. ஆனால் வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. ரப்பரைக் கந்தகத்தோடு சுட்டுப் பக்குவப்படுத்தும் முறைக்கு 1844இல் குட்இயர் காப்புரிமை வாங்கிய பிறகுதான் அது சீரானது. இன்னொரு கோளாறும் இருந்தது. துணியில் தண்ணீர் புகாவிட்டாலும், தையற்காரர் ஊசி குத்திய ஓட்டைகளில் புகுந்தது.

தம்பி மகன் பட்ட கஷ்டமும் தையலில்தான் தொடங்கியது. முதலில் பழைய படுக்கை விரிப்புகளை வண்டிமேல் போட்டு, சாக்குக்கட்டியால் கோடு கிழித்து மாதிரி வெட்டினான். பிறகு பிளாஸ்டிக் பூசிய கெட்டித் துணியில் அதைத் தைத்து, தையல்மேல் பசை தடவினான். முதல் மழையில் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. காலையில் பார்த்தால் மெத்தை ஈரம். போனில் சொன்னான்:

"பெரியப்பா, தண்ணி மேல இருந்து வரலீங்க. உள்ள இருந்து வருது."

இரண்டு பேர் இரவு முழுக்க விடும் மூச்சில் ஒரு டம்ளருக்கு மேல் தண்ணீர் இருக்கிறது. பிளாஸ்டிக் அதை வெளியே விடாது. குளிர்ந்த துணியில் பட்டு, வியர்த்து, மறுபடி நம் மேலேயே சொட்டும். பழைய பருத்திக் கேன்வாஸ் இந்த விஷயத்தில் கெட்டிக்காரத் துணி. நனைந்தால் நூல் உப்பி நெசவின் கண்களை அடைத்துக்கொள்ளும், காய்ந்தால் திறந்துகொண்டு மூச்சு விடும். அதற்கும் ஒரு பிடிவாதம் உண்டு. மழை பெய்யும்போது உள்ளிருந்து விரலால் தொட்டால் அந்த இடத்தில் ஒழுக ஆரம்பித்துவிடும். 1969இல் பாப் கோர் என்ற அமெரிக்கர் டெஃப்லானை வெடுக்கென்று இழுத்து, ஆவியை வெளியே விட்டு நீர்த்துளியை மட்டும் தடுக்கும் படலம் செய்தார். இன்று மலையேறுபவர்கள் சட்டையில் இருப்பது அந்த வகைதான். அதில் ஒரு வண்டிக்கே போர்வை தைக்க யாருக்குக் கட்டுபடியாகும்?

பையன் கடைசியில் செய்தது எளிய காரியம். போர்வைக்கு நடுவில் வளைந்த குழாய்களை வைத்து முதுகுபோல உயர்த்தி, இரண்டு ஓரத்திலும் தொப்பி வைத்த காற்றுவாய் விட்டான். துணிக்கும் கூரைக்கும் இடையில் காற்று ஓடியது. மேலே தண்ணீரும் குளம் கட்டவில்லை. படத்தைப் பார்த்தபோது அந்தக் குழாய் எனக்கு வில்வண்டியின் வில்லாகத்தான் தெரிந்தது.

எங்கள் ஊர்த் தார்ப்பாய்க் கடைகளில் இந்த முதுகு விஷயத்தை யாரும் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. லாரியில் நடு வரிசை மூட்டையை ஒன்று உயர்த்தி அடுக்கச் சொல்வார்கள், தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்துவிடும். துணியை நீளவாக்கில் இணைக்காமல் குறுக்காக இணைப்பார்கள், அப்போதுதான் தையல் வழியோடு தண்ணீர் இறங்கும், தையலைத் தாண்டி ஓடாது. ஓரத்தை மடித்து உள்ளே கயிறு வைத்து, அதில் பித்தளைக் கண் அடிப்பார்கள். தைப்பவர் உள்ளங்கையில் தோல் பட்டை கட்டி, கோணி ஊசியை அதனால் தள்ளுவார். மெழுகும் எண்ணெயும் கலந்து ஊறிய அந்தத் துணியின் வாசனை சட்டையை விட்டு ஒரு வாரம் போகாது. அளவெடுக்க லாரியையே கடை வாசலுக்குக் கொண்டுவரச் சொல்வார்கள். இன்னொரு லாரிக்குத் தைத்ததை வாங்கிப் போட்டால் மூலையில் அரையடி குறையும், அந்த அரையடியில்தான் மழை நுழையும்.

என் தாய்மாமா 1977 ஐப்பசியில் அப்படி அளவெடுத்து ஒரு புதுத் தார்ப்பாய் தைத்தார். விலையைக் கேட்டு அத்தை ஒரு வாரம் புலம்பினார். நவம்பர் 12ஆம் தேதி நாகப்பட்டினம் பக்கம் புயல் கரையைக் கடந்ததே, அதற்கு முந்தின நாள் வேதாரண்யத்தில் உப்பு ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியிருந்தது. 120 மூட்டை, 9 டன். திருச்சியில் உறையூர்ப் பக்கம் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டது. மேலே பெய்த மழையில் ஒரு மூட்டைகூட நனையவில்லை என்று டிரைவர் பிறகு சொன்னார். ஆனால் பக்கத்து மொட்டை மாடியில் ஏழெட்டுக் குடும்பம் குழந்தை குட்டிகளோடு கொட்டும் மழையில் உட்கார்ந்திருந்தது. டிரைவரும் கிளீனர் பையனும் இருட்டில் முடிச்சுகளை அவிழ்த்து, தார்ப்பாயை மாடிக்கு ஏற்றி, மூங்கில் நட்டுக் கட்டிவிட்டார்கள். விடிவதற்குள் உப்பில் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. மிச்சத்தை வெள்ளம் கீழேயிருந்து எடுத்துக்கொண்டது.

மாமா மூன்று நாள் டிரைவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. லாரிக்கு இன்னும் ஃபைனான்ஸ் கடன் இருந்தது. உப்பு வியாபாரி முழுப் பணம் கேட்டு, நாலு பேர் பேசிய பிறகு பாதிக்கு இறங்கினார். மாமா அதை எட்டு மாதத் தவணையில் கட்டினார். கணக்கை எழுதியது நான்தான். டிரைவர் சம்பளத்தில் பிடிக்கட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம் மாப்ளே, அத விடு" என்றார்.

தார்ப்பாய் திரும்பி வந்தபோது ஒரு மூலையில் அடுப்பு நெருப்புப் பட்டு உள்ளங்கை அகலம் பொத்தலாகியிருந்தது. கடையில் கொடுத்து ஒட்டுப் போட்டு, மெழுகு ஏற்றி, இன்னும் நாலு வருடம் அதே லாரியில் ஓடியது. பிறகு மாமா தோட்டத்துக் களத்தில் மஞ்சள் காயவைக்க விரித்தார்கள். கடைசியாக நான் பார்த்தபோது பாதி கிழிந்து மாட்டுக் கொட்டகைக்குப் பக்கவாட்டில் தொங்கியது, அந்த ஒட்டு மட்டும் பிரியவில்லை.