டிண்டல் கண்ட இருள்

மூடிய அறைக்குள் கூரை இடுக்கின் வழியாக வெயில் நுழையும்போது, அந்த ஒளிக்கற்றையில் தூசிகள் மிதப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அத்தூசியை நாம் மூச்சுடன் உள்ளே இழுக்கிறோம். உள்ளே சென்றது திரும்பி வருகிறதா? இக்கேள்விக்கு ஒளியைக் கொண்டே விடை தேடியவர் ஜான் டிண்டல் என்னும் இயற்பியல் அறிஞர்.

1870 ஜனவரியில் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவர் தம் சோதனையை விளக்கினார். வலிமைமிக்க ஒளிக்கற்றையின் குறுக்கே, சூடாக்கிய கண்ணாடிக் குழாய் வழியாக மூச்சை விட்டார். மூச்சு முடியும் தறுவாயில் கற்றையில் கரிய துளை விழுந்ததுபோல் தோன்றியது. நுரையீரலின் ஆழத்திலிருந்து வந்த காற்றில் ஒளியைச் சிதறடிக்கத் தூசி இல்லை. அது உள்ளேயே தங்கிவிட்டது என்று அவர் முடிவு செய்தார்.

ஆனால் அந்த இருளில் ஒன்றுமே இல்லையா? 1871-இல் ராலே கண்ட விதிப்படி, ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள் சிதறடிக்கும் ஒளி, அதன் விட்டத்தின் ஆறாம் அடுக்கிற்கு ஏற்ப அமையும். 100 நானோமீட்டர் துகளுடன் ஒப்பிட்டால், 10 நானோமீட்டர் துகள் சிதறடிப்பது பத்து இலட்சத்தில் ஒரு பங்கே. டிண்டலின் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்?

தங்கிய தூசி என்ன ஆகிறது? மூச்சுக்குழாய்களில் படிந்ததைச் சளியும் நுண்ணிய மயிரிழைகளும் தொண்டைக்குத் தள்ளிவிடும். ஆழத்திலுள்ள காற்று நுண்ணறைகளில் இவ்வசதி இல்லை. அங்கே விழுங்கு செல்கள் துகள்களைப் பற்றி அகற்றப் பல மாதங்கள் ஆகலாம். மிகச் சிறிய துகள்களோ அவற்றிடம் எளிதில் சிக்குவதில்லை.

அவை வேறு வழியைத் தேடுகின்றன. 2010-இல் எலிகளில் செய்த ஆய்வில், ஏறத்தாழ 34 நானோமீட்டருக்குக் குறைந்த துகள்கள், மேற்பரப்பின் மின்னேற்றம் தடையாக இல்லாதபோது, விரைவில் நிணநீர்க் கணுக்களை அடைந்தன. 6 நானோமீட்டருக்கும் குறைந்த சிலவகைத் துகள்கள் இரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வழியே வெளியேறின. 2017-இல் எடின்பரோ ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், தன்னார்வலர்கள் சுவாசித்த தங்க நுண்துகள்கள் 24 மணி நேரத்திற்குள் இரத்தத்திலும் சிறுநீரிலும் காணப்பட்டன. மூன்று மாதங்கள் கழித்தும் முற்றிலும் நீங்கவில்லை. இரத்தக்குழாய் நோயாளிகளின் பழுதுற்ற குழாய்ப் பகுதியிலும் தங்கம் தேங்கியிருந்தது.

டீசல் புகையிலும் விறகடுப்புப் புகையிலும் இத்தகைய நுண்துகள்கள் ஏராளம். ஆகவே வாசகர்களே, புகை கண்ணுக்கு மறைந்துவிட்டது என்பதற்காகக் காற்று தூய்மையாகிவிட்டதாகக் கொள்ள வேண்டாம். அடுக்களைச் சன்னலை இன்னும் சற்று நேரம் திறந்தே வையுங்கள்.