லயத்து முற்றத்தில் ரதியும் மதனும்

காமன் கூத்தைப் புராணக் குப்பையென ஒதுக்கும் அறிஞரோடு நாம் உடன்படுவதற்கில்லை. கோப்பிக்கும் பின்பு தேயிலைக்குமாக ஊவா மலைகளுக்கு வந்த தமிழக உழவர்கள் கொணர்ந்த செல்வம் அது. பதுளை, பசறைத் தோட்டங்களில் மாசி பிறந்தால் தப்பு முழங்கும். விடியற்காலைப் பெரட்டுக்குக் கட்டுண்டவர்கள், இரவில் ரதியாகவும் மதனாகவும் ஆடினர். ரதி வேடமும் ஆண்களுக்கே! மன்மதன் எரிந்தானா, எரியவில்லையா என லாவணி வாதம் நீளும். கணவனும் மனைவியுமாய்க் கம்பளி போர்த்தி, திறந்தவெளியில் விழித்திருந்து கேட்பர்.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. தப்படித்தவர் அக்கரைக்கும் ஆடியவர் இக்கரைக்குமாய்ப் பிரிந்தனர். கூத்தில் ரதிக்குரிய ஒப்பாரி, மலையிறங்கிய புகைவண்டிக்குப் பெயராயிற்று: ‘ஒப்பாரிக் கோச்சி’. அது புலவர் எவரும் இட்ட பெயரன்று.