‘மாதம் 300 யூனிட் இலவசம்’: உங்கள் மொட்டை மாடியில் இந்தக் கணக்கு சரியாக வருமா?

“சோலார் போடுங்க, மாதம் 300 யூனிட் இலவசம்” என்ற விளம்பரம் உங்கள் போனுக்கும் வந்திருக்கும். ஊரில் இருக்கும் அப்பா அதைப் பார்த்துவிட்டு, “போட்டுடலாமாப்பா?” என்று உங்களிடமே கேட்டிருக்கலாம். பதில் சொல்லும் முன் ஒரு விஷயம். அந்த 300 யூனிட்டை அரசு தருவதில்லை. உங்கள் மாடியில் வைக்கும் பேனல்தான் அதைத் தயாரிக்க வேண்டும். அரசு தருவது பேனல் வாங்கும் செலவில் ஒரு பங்கு மட்டுமே.

திட்டத்தின் பெயர் பிஎம் சூர்யா கர். ஒரு கோடி வீடுகளை இலக்காக வைத்து, 75,021 கோடி ரூபாய் மதிப்பில், 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, மூன்றுக்கு 78,000. அதற்கு மேல் 5 போட்டாலும் 10 போட்டாலும் அதே 78,000தான். “பெருசா போட்டா மானியமும் பெருசா வரும் சார்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் 12 யூனிட், மாதத்துக்குச் சுமார் 360. விளம்பரத்தின் ‘300’ ஏறக்குறைய இந்தக் கணக்கில் இருந்து வருவதுதான்.

உங்கள் கடைசி யூனிட்டின் விலை என்ன?

சோலார் லாபமா என்பதை முடிவு செய்வது வெயில் அல்ல, உங்கள் ஈ.பி. பில். நம் மின்கட்டணம் படிப்படியாக ஏறும். சோலார் முதலில் குறைப்பது மேல் படியில் இருக்கும், விலை அதிகமான யூனிட்டுகளை. அதனால் மொத்த பில்லை யூனிட்டால் வகுத்து வரும் சராசரியைப் பார்க்காதீர்கள். கடைசிப் படியின் விலையைப் பாருங்கள்.

டெல்லியில் மாதம் 200 யூனிட்டுக்குள் ஓடும் வீட்டுக்கு மானியத்தில் பில் பூஜ்யம். பெங்களூரில் கிருஹ ஜோதி திட்டத்தில், உங்கள் பழைய சராசரியைப் பொறுத்து, அதிகபட்சம் 200 யூனிட் வரை கட்டணம் இல்லை. ஏற்கெனவே பூஜ்யமாக இருக்கும் பில்லை சோலார் இன்னும் எவ்வளவு குறைத்துவிடும்? இரண்டு பேர், ஒரு ஃப்ரிட்ஜ், எப்போதாவது ஏ.சி. என்று இருக்கும் வீட்டுக்கு அவசரமே இல்லை.

தமிழ்நாட்டில் கதை வேறு. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 500-ஐத் தாண்டினால் கீழ்ப் படியில் இருக்கும் சில யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறிவிடும். இரண்டு ஏ.சி. ஓடும் வீட்டில், அந்த 500 கோட்டுக்குக் கீழே பில்லைக் கொண்டுவர முடிந்தாலே சோலார் பாதி வேலையைச் செய்துவிட்டது என்பேன்.

பகலில் தயாரிப்பு, இரவில் செலவு

நீங்கள் ஆபீஸ் போன பிறகுதான் பேனல் நன்றாக வேலை செய்யும். மிஞ்சும் மின்சாரம் தெருக் கம்பிக்குப் போகும். அதற்கு என்ன விலை கிடைக்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

‘நெட் மீட்டரிங்’ முறையில் யூனிட்டுக்கு யூனிட் கழியும். பகலில் 8 யூனிட் கொடுத்து இரவில் 8 எடுத்தால் கணக்கு நேர். ‘நெட் பில்லிங்’ முறையில் நீங்கள் கொடுப்பதற்கு ஒரு விலை, எடுப்பதற்கு வேறு விலை. கொடுக்கும் விலை எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். எந்த முறை என்பதை மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் தீர்மானிக்கிறது.

எடுத்துக்காட்டாக ஒரு வீடு. எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. மாதம் 300 யூனிட் செலவு, யூனிட் 7 ரூபாய், மிச்சத்துக்குக் கிடைக்கும் விலை 3 ரூபாய். 3 கிலோவாட் சோலாருக்கு 1.8 லட்சம் ஆகிறது, மானியம் போக 1,02,000 கையிலிருந்து. நெட் மீட்டரிங்கில் 300 யூனிட் கழிந்து 2,100 ரூபாய், மீதி 60 யூனிட்டுக்கு 180, மொத்தம் மாதம் 2,280. நாலு வருஷத்துக்குள் போட்ட காசு திரும்பிவிடும். நெட் பில்லிங்கில் பகலில் நேரடியாக 100 யூனிட் பயன்படுத்தினால் அதற்கு 700, வெளியே போகும் 260 யூனிட்டுக்கு 780, மொத்தம் 1,480. இப்போது கிட்டத்தட்ட ஆறு வருஷம். அதே மாடி, அதே பேனல்தான். 1.8, 7, 3 ஆகிய மூன்று எண்களையும் எடுத்துவிட்டு உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

இரண்டிலுமே நிலைக்கட்டணம் போன்றவை தனி. ‘ஜீரோ பில்’ என்பது பல மாநிலங்களில் சரியாக ஜீரோவாக இருக்காது.

கரண்ட் போனால் சோலாரும் போகும்

வாங்கிய பிறகு பலர் அதிர்ச்சியாவது இங்கேதான். மானியத்தில் பெரும்பாலான வீடுகளில் போடப்படுவது ‘ஆன்-கிரிட்’ வகை. உச்சி வெயிலில் மின்வெட்டு வந்தாலும் அது தானாக நின்றுவிடும். பழுதல்ல, பாதுகாப்பு. உங்கள் வீட்டு மின்சாரம் கம்பியில் ஓடிக்கொண்டிருந்தால், கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன் உயிருக்கு ஆபத்து. மின்வெட்டிலும் ஓடவேண்டும் என்றால் பேட்டரியோடு ‘ஹைப்ரிட்’ இன்வெர்ட்டர் வேண்டும், செலவும் கணிசமாகக் கூடும். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பேட்டரி இன்வெர்ட்டர் மின்வெட்டின்போது இந்தப் பேனலை ஓடவைக்கும் என்று நினைக்க வேண்டாம்.

கையெழுத்துக்கு முன்

மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது? விண்ணப்பமும் மானியமும் அந்தப் பெயருக்குத்தான். இறந்து பல வருஷமான தாத்தா பெயரிலேயே இணைப்பு ஓடும் வீடுகள் நம் ஊரில் ஏராளம். முதலில் பெயர் மாற்றம், பிறகுதான் பேனல்.

மானியம் முன்கூட்டியே வராது. பேனல் பொருத்தி, இருவழி மீட்டர் மாட்டி, ஆய்வு முடிந்த பிறகே வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை முழுத் தொகைக்கும் வழி வேண்டும், கையிலோ கடனிலோ. இந்தியாவில் தயாரான செல், பேனல்களுக்கு மட்டுமே மானியம் என்பதால், சந்தையில் கிடைக்கும் மலிவான இறக்குமதிப் பேனலின் விலையோடு ஒப்பிட்டுக் குழம்பாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் சாதனங்களுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. பழைய கொட்டேஷனை வைத்துப் பேசுகிறார்களா என்று பாருங்கள்.

10 கிலோவாட் வரையிலான விண்ணப்பங்களுக்குத் தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை என்று 2024-இல் மத்திய விதிகள் திருத்தப்பட்டன. “ஃபீசிபிலிட்டி வரணும், அதான் லேட்” என்ற பதில் இனி செல்லாது.

அபார்ட்மென்ட் என்றால் மாடி எல்லோருக்கும் பொது. லிஃப்ட், மோட்டார், பொது விளக்குகளுக்காகச் சங்கமே போட்டால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. வாடகை வீட்டில் இருப்பவருக்கு இப்போதைக்கு இதில் பெரிதாக எதுவும் இல்லை.

போட்ட பிறகு

1 கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். ‘நிழலில்லாத’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். தண்ணீர் டேங்கின் நிழல் ஒரு பேனலின் ஓரத்தில் விழுந்தாலே அதோடு இணைந்த வரிசை முழுவதும் சுணங்கும். காலை 9, மதியம் 12, மாலை 4 என்று மூன்று வேளை மாடியில் நின்று பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள். அடுத்த மனையில் மாடி எழும்புமா என்பதையும் யோசியுங்கள்.

மே மாதம்தான் அதிகம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பேனலுக்கு வெளிச்சம் பிடிக்கும், சூடு பிடிக்காது. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். மழைக்காலத்திலும் விழும், சென்னையில் என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஒரு மாதத்து எண்ணைப் பார்த்துப் பதறாமல் ஒரு வருஷத்தைப் பாருங்கள். தூசியை அதிகாலையில் துடைக்கலாம். கொதிக்கும் கண்ணாடியில் மதியம் குளிர்ந்த தண்ணீர் ஊற்ற வேண்டாம். உப்புத் தண்ணீரும் வேண்டாம், வெள்ளைப் படலம் படியும்.

திட்டத்தின்படி நிறுவியவரே 5 வருஷம் பராமரிக்க வேண்டும். பேனல் 25 வருஷம் ஓடினாலும் இன்வெர்ட்டர் அதுவரை தாங்காது. நடுவில் ஒரு முறை மாற்றும் செலவையும் உங்கள் கணக்கில் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

முதல் பில் வந்ததும் ஒரு வேலை. ஆப்பில் தெரிவது பேனல் தயாரித்த மொத்தம். பில்லில் இருக்கும் ‘எக்ஸ்போர்ட்’ வெளியே போனது மட்டும். இரண்டும் சமமாக இருக்காது, நடுவில் உள்ளது வீட்டில் நேரடியாக ஓடியது. ஆனால் எக்ஸ்போர்ட் பூஜ்யம் என்று வந்திருந்தால், மீட்டர் மாறியும் கணினியில் உங்கள் இணைப்பு சோலாருக்கு மாறவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். மீட்டர் திரையை போட்டோ எடுத்து, அந்த வாரமே எழுத்தில் புகார் கொடுங்கள்.