படிக்கட்டு விபத்து இழப்பீடு

படிக்கட்டு விபத்து இழப்பீடு என்பது பாதுகாப்பற்ற படிக்கட்டில் விழுந்து காயமடைந்தவரோ, இறந்தவரின் குடும்பத்தினரோ, அப்படிக்கட்டுக்குப் பொறுப்பானவரிடம் சட்டப்படி கோரும் ஈட்டுத்தொகை ஆகும். உடைந்த படி, கைப்பிடி இன்மை, வழுக்கும் தரை, போதிய வெளிச்சமின்மை ஆகியன இத்தகைய விபத்துகளின் பொதுவான காரணங்கள். இங்கிலாந்திலும் வேல்சிலும் கட்டிடத்துக்கு வருவோரின் பாதுகாப்புக்கென 1957 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. இந்தியாவில் அத்தகைய தனிச்சட்டம் இல்லை. விழுந்தவர் பொதுமக்களில் ஒருவரா, தொழிலாளரா என்பதைப் பொறுத்து வழிமுறை வேறுபடுகிறது.

கட்டிட அளவுகள்

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தேசியக் கட்டிட விதித்தொகுப்பின்படி, வீடுகளில் கால் வைக்கும் படியின் அகலம் 250 மி.மீ.க்குக் குறையாமலும், படியின் உயரம் 190 மி.மீ.க்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். இத்தொகுப்பு தன்னளவில் பரிந்துரையே. எனினும் கவனக்குறைவை மெய்ப்பிக்க இது அளவுகோலாக உதவும்.

பொதுமக்கள்

பொதுமக்கள் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். உரிமையாளரின் கவனக்குறைவை மெய்ப்பிப்பது வழக்குத் தொடுப்பவரின் பொறுப்பாகும். விழுந்தவரின் கவனக்குறைவும் காரணமாயின் அதற்கேற்ப இழப்பீடு குறையும்.

கட்டிட உரிமையாளரின் பொறுப்பு குறித்த முக்கியத் தீர்ப்பு, 1951 இல் தில்லி சாந்தினி சவுக் மணிக்கூண்டு இடிந்து சிலர் இறந்த வழக்கில் 1966 இல் உச்ச நீதிமன்றம் வழங்கியதாகும். நிகழ்வே கவனக்குறைவுக்குச் சான்றாக அமைவதாகக் கூறி, மாநகராட்சியை நீதிமன்றம் பொறுப்பாக்கியது.

தொழிலாளர்

வேலையின்போதும் வேலையின் காரணமாகவும் நேரும் விபத்துக்கு முதலாளி இழப்பீடு வழங்க வேண்டும். அவர் தவறிழைத்தார் என மெய்ப்பிக்கத் தேவையில்லை. எடுத்துக்காட்டாக, ஏலக்காய் உலர்த்தும் கூடத்தின் மரப்படியில் மூட்டையுடன் ஏறும்போது விழுந்தவர் இழப்பீடு கோரலாம். மூட்டை கனத்தால் கால் இடறியது என்பதால் மட்டும் உரிமை அற்றுப்போவதில்லை. மதுமயக்கம், பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறுதல் போன்றவை விலக்குகள். ஆனால் இறப்போ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்தால் இவ்விலக்குகள் பொருந்தா.

இவ்வுரிமையை முதலில் 1923 ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, 2020 அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்தது. கோரிக்கையை இரண்டு ஆண்டுகளுக்குள் அளிக்க வேண்டும். ஈ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவர்கள் அதன் வழியாகவே பயன் பெறுவர்.

விபத்து நடந்த பகுதியில் மட்டுமன்றி, தொழிலாளர் வழக்கமாக வசிக்கும் பகுதியிலும் கோரிக்கை அளிக்கலாம். தேனி மாவட்டத்தின் தேவாரம், போடிநாயக்கனூர் பகுதிகளிலிருந்து மலையேறி, கேரளத்தின் இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களில் வேலை செய்வோருக்கு இது முக்கியமானதாகும். அங்கே காயமடைந்தவர் வழக்குக்காக மீண்டும் மலையேற வேண்டியதில்லை.

இவற்றையும் பார்க்க

தீங்கியல் சட்டம்
ஏலக்காய்
தேவாரம்