புங்க இலைப் புடைப்பும் ஒரு பெயரும்: தமிழகத்தில் சிற்றுண்ணிகளை இனங்கண்ட வழி

திருச்சி மன்னார்புரத்திலோ ஸ்ரீரங்கத்திலோ சாலையோரப் புங்கமரம் ஒன்றின் கிளையைத் தாழ்த்திப் பார்த்தால், சில இலைகள் விரல் விரலாகப் புடைத்திருப்பதைக் காணலாம். மரத்துக்கு ஏதோ நோய் என்று பலரும் கடந்துபோவார்கள். புடைப்பைக் கீறி நுண்ணோக்கியில் வைத்தால், 0.2 மில்லிமீட்டர் அளவில் புழுப்போன்ற உயிர்கள் நெளியும். சிலந்திக்கு உறவு, ஆனால் கால்கள் நான்குதான். ஈரியோபைட் எனப்படும் இந்தச் சிற்றுண்ணிக் குடும்பத்தில், புங்கில் வாழும் ஒன்றுக்கு மாசி என்ற ஆங்கிலேய ஆய்வாளர் செரியானி என்று பெயரிட்டார். கோயம்புத்தூரில் அரசுப் பூச்சியியலாளராக இருந்த எம்.சி. செரியனின் பெயர் அது.

நம் பகுதியில் சிற்றுண்ணிகளுக்குப் பெயர் கிடைத்த வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. உண்ணியை உண்ணிக்காகத் தேடியவர்கள் மிகக் குறைவு. இடம் கொடுத்த செடியோ விலங்கோதான் அதைக் காட்டிக்கொடுத்தது.

தொடக்கம் இலங்கையில். காபித் தோட்டங்களில் இலையைச் சிவக்கவைத்த, செம்பேன் எனப்படும் சிற்றுண்ணி ஒன்றை ஜான் நீட்னர் 1861-இல் விவரித்து, காபியின் பெயரையே அதற்கு வைத்தார். பின்னர் இலைத்துரு நோயால் காபி அழிந்தது; அதே மலைகளில் தேயிலை ஏறியது. செம்பேன் தேயிலைக்கு மாறிக்கொண்டது. ஒலிகோநைக்கஸ் காஃபியே என்ற பெயரில் மட்டும் காபி இன்றும் இருக்கிறது.

அடுத்த கட்டம் கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியைச் சுற்றி நடந்தது. அங்கிருந்த பூச்சியியலாளர்களால் சிற்றுண்ணியைப் பிடிக்க முடிந்தது. ஒப்பிட்டுப் பார்க்கப் போதிய மாதிரிகளோ நூல்களோ அவர்களிடம் இல்லை. பெயரிடும் வேலை லண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஸ்டான்லி ஹர்ஸ்டிடம் நடந்தது. சோளப் பயிரைத் தாக்கும் செம்பேனை அவர் 1923-இல் விவரித்தார். மறு ஆண்டு, கோயம்புத்தூர்த் தென்னை ஓலையிலிருந்து கிடைத்த சிவந்த உண்ணிக்கு ராவோயெல்லா இண்டிகா என்று பெயரிட்டார். அந்தக் காலத்தில் கோயம்புத்தூரில் பணியாற்றியவர் ஒய். ராமச்சந்திர ராவ், புதிய பேரினத்தின் பெயரில் ராவ் ஒட்டியிருப்பது தற்செயலாக இருக்க முடியாது.

எண்பது ஆண்டுகள் கழித்து இந்தப் பெயருக்கு வேலை வந்தது. 2004-இல் கரீபியத் தீவான மார்ட்டினிக்கில் தென்னை ஓலைகள் மஞ்சளாயின; 2007-இல் ஃபுளோரிடாவிலும் அதே உண்ணி தென்பட்டது. அங்கே அது வாழையையும் விட்டுவைக்கவில்லை. அமெரிக்கக் கண்டத்துக்கு அது புதிது என்று உடனே சொல்ல முடிந்ததற்குக் காரணம், கோயம்புத்தூர் ஓலையைக் கொண்டு எழுதப்பட்ட அந்த 1924 விவரிப்பு. பூச்சியியல் துறைக்குள் வகைப்பாட்டு வேலையைக் குமாஸ்தா வேலையாக நினைப்பவர்கள் இன்றும் உண்டு. அவர்கள் இந்த நிகழ்வை ஒருமுறை படிக்கலாம்.

செம்பேன்களில் இனத்தைப் பிரிக்க ஆணின் இனப்பெருக்க உறுப்பு வளையும் விதமே பெரும்பாலும் துணை. பெண்கள் மட்டும் அகப்பட்டால் நிபுணரும் கைவிரித்துவிடுவார். ஈரியோபைட்டுகளில் வேறு அடையாளங்கள்: முதுகுக் கவசத்தில் ஓடும் கோடுகள், உடல் வளையங்களின் எண்ணிக்கை, பாதத்தில் இறகுபோல் விரியும் நகத்தின் கதிர்கள். இவற்றை வரைந்து காட்டும் முறையை ஆஸ்திரியாவின் நலேபாவும் கலிபோர்னியாவின் கீஃபரும் வளர்த்தார்கள். அதை இந்தியாவில் வேரூன்றச் செய்தவர் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.பி. சன்னபசவண்ணா. 1966-இல் வந்த அவரது நூலில் மல்லிகையின் ஈரியோபைட்டும் இடம்பெற்றது. இலையிலும் மொட்டிலும் வெல்வெட் போல வெண்மயிர் படரச் செய்து பூவைக் கெடுப்பது அது. பூசணம் என்று நினைத்துப் பூசணக்கொல்லி அடித்தால் பயனில்லை. ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூச்சந்தையை நம்பியிருக்கும் மல்லிகை விவசாயிக்கு இந்த வேறுபாடு செலவுக் கணக்கு. கோயம்புத்தூரில் எம். மோகனசுந்தரம் இதே பணியைத் தொடர்ந்து, தமிழகத்துக் காட்டுச் செடிகளிலிருந்தும் பல புதிய இனங்களை விவரித்தார். இனி லண்டனுக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டியதில்லை என்ற நிலை அப்போதுதான் உறுதிப்பட்டது.

ஈரியோபைட்டுகள் பெரும்பாலும் ஒரே செடியையோ அதன் நெருங்கிய உறவுகளையோ விட்டு அகலாதவை. ஆகவே செடியின் பெயர் தவறினால் உண்ணியின் பெயரும் தவறும். புங்கையே எடுத்துக்கொள்வோம்: பொங்காமியா கிளாப்ரா, பொங்காமியா பின்னேட்டா, டெர்ரிஸ் இண்டிகா, மில்லெட்டியா பின்னேட்டா என்று அதன் அறிவியல் பெயர் மாறி மாறி வந்திருக்கிறது. பழைய உண்ணிக் கட்டுரையைப் படிப்பவர் தாவரவியலாளரின் வாசலில் போய் நிற்கத்தான் வேண்டும். அந்த வாசல் திருச்சியிலேயே இருக்கிறது. தூய வளனார் கல்லூரியில் கே.எம். மேத்யூ 1967-இல் நிறுவிய ராபினட் தாவர உலர்பதனகமும், 1981 முதல் வெளிவந்த அவரது தமிழ்நாட்டுக் கர்நாடிக் பகுதித் தாவரத் தொகுதிகளும் தாவரவியலுக்காக உருவானவை. உண்ணி ஆய்வுக்கும் அவையே அடித்தளம் என்பேன்.

விலங்குகளிலும் இதே கதைதான். ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலைப் பரப்பும் லெப்டோட்ராம்பிடியம் டெலியென்ஸ் என்ற உண்ணி, சுமத்ராவின் டெலி பகுதியை ஒட்டி 1922-இல் பெயர் பெற்றது. எலியின் காதுமடலில் கொத்தாக ஒட்டியிருப்பது அதன் ஆறுகால் இளரி (லார்வா) மட்டுமே. வளர்ந்த உண்ணி மண்ணில் தனியே வாழ்கிறது. வகைப்பாடு பெரும்பாலும் இளரியை, குறிப்பாக அதன் முதுகுத் தகட்டை வைத்தே எழுந்தது. இவற்றின் தென்கிழக்காசியப் பேரினங்களுக்குப் படவிளக்கத் திறவுகோலை 1974-இல் டோஹானியுடன் சேர்ந்து வெளியிட்டவர், கோலாலம்பூர் மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் எம். நட்சத்திரம்.

அப்படியானால் எதன்மேலும் ஒட்டாமல் மண்ணிலும் சருகிலும் திரியும் உண்ணிகளின் நிலை? சங்கப் பாடல்களின் மூதாய், மழைக்குப் பின் சிவப்பாக ஊரும் வெல்வெட் பூச்சி என்றே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. கண்ணில் பட்டதால் அதற்குப் பெயர் கிடைத்தது. கண்ணில் படாதவற்றைப் பிடிக்க, பெர்லீசே 1905-இல் அறிமுகப்படுத்திய புனல் இருக்கிறது: இன்றைய வடிவில் மேலே வெப்பம், நடுவில் சருகு, கீழே ஆல்கஹால். வறட்சிக்கு அஞ்சி இறங்கும் உண்ணிகள் பல இனமும் பல பருவமுமாகக் கலந்து விழும். எதிலிருந்து தொடங்குவது என்று சொல்ல அங்கே செடியும் இல்லை, எலியும் இல்லை. எஸ்.கே. குப்தாவின் 1985 கையேடும் செடிவாழ் உண்ணிகளுக்கானதே.

மரபணு வரிசை இந்தக் குறையைத் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கை இப்போது பரவலாக இருக்கிறது. எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. வரிசையை ஒப்பிட, முன்பே சரியாகப் பெயரிட்ட ஓர் உண்ணியின் வரிசை தரவுக் களஞ்சியத்தில் இருக்க வேண்டும். அங்கே அதிகம் சேர்ந்திருப்பவை பயிரையும் மனிதரையும் தொந்தரவு செய்தவை. கொள்ளிடக் கரைச் சருகிலிருந்து எடுத்த ஒன்றுக்கு அது பல நேரம் குடும்பப் பெயரைத் தரும். இனப்பெயருக்கு யாராவது கண்ணாடித் தகட்டில் அதை ஏற்றி, மயிர்களை எண்ணி, வரைந்துதான் ஆக வேண்டும்.